தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளும் வீடும்: கேள்வி பதில்

களியக்காவிளை அம்மா: எனக்க மோனுக்கு 16 வயசு. பையன்களைத்தான் பிடிக்கும்னு சொன்னான். அவனுக்க அப்பா ஒரு மாசமா பேசல்ல. மனசு கெடுமா?

பதில்: கெடும் அம்மா. அமெரிக்காவில் 21–25 வயதினரிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு இது: வீட்டார் கடுமையாக ஒதுக்கியவர்களில் தற்கொலை முயற்சி, ஒதுக்கல் இல்லாத அல்லது குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு, கடும் மனச்சோர்வு 5.9 மடங்கு. அடி உதை மட்டும் ஒதுக்கல் இல்லை. நண்பனைப் பார்க்க விடாததும், சோற்றை வைத்துவிட்டு முகம் திருப்பிப் போவதும் அதுதான்.

அப்பா மனசு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்கட்டும். தூக்கம், சாப்பாடு, படிப்பு இரண்டு வாரம் தொடர்ந்து குலைந்தால் மனநல டாக்டரிடம் போங்கள். சந்தேகம் வந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டுங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடியுங்கள். எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

மார்த்தாண்டம்: மருந்தில் மாறுமா?

பதில்: மாறாது, இது நோயில்லை. மாற்றும் முயற்சிக்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டர்களின் தொழில் ஒழுக்கக்கேடு என்றது.

குழித்துறை ஆசிரியர்: ஒரு பையனை வகுப்பே கேலி செய்கிறது. வீட்டுக்குச் சொல்லலாமா?

பதில்: முதலில் அவனைக் கேளுங்கள். கேலி நடப்பதை வீட்டில் சொல்லலாம். அவனுக்கு யாரைப் பிடிக்கும் என்பதைச் சொல்லாதீர்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாம் நோட்டில் ஏறட்டும். கழிப்பறை வாசலிலும் பஸ்ஸிலும் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். கேலி செய்தவனையும் அவனையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லாதீர்கள். அடி பிறகு வெளியே விழும்.

பாறசாலை: பெற்றோரிடம் மறைப்பது குற்றமில்லையா? போக்சோ இருக்கிறதே!

பதில்: போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தைப் பற்றியது, அதைப் போலீசிடம் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்பது குற்றமே இல்லை.

பாறசாலை: பெத்தவளுக்குத் தெரியாத ரகசியமா?

பதில்: அவனே சொல்லட்டும். நீங்கள் சொல்லி, ராத்திரி பத்து மணிக்கு வீட்டைவிட்டு இறக்கினால் எங்கே படுப்பான்? இதற்குப் பதில் கையில் இல்லாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

தக்கலை: தியானத்துக்கு அனுப்பினா மாறுவாளா?

பதில்: மார்த்தாண்டத்துக்குச் சொன்னதுதான்.

கொல்லங்கோடு: கல்யாணம் பண்ணி வெச்சா?

பதில்: மூன்றாவது தடவை. மாறாது. அறியாத இன்னொரு பிள்ளையின் வாழ்வும் சேர்ந்து கெடும்.

பெயர் வேண்டாம், 17: வீட்டில சொல்லணுமா?

பதில்: கட்டாயமில்லை தம்பி. சாப்பாடும் ஃபீஸும் அவர்கள் கையில் இருக்கும்வரை பொறுக்கலாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் முதலில் சொல்லு. மார்க் ஷீட், ஆதார் நகல் அவரிடம் இருக்கட்டும். வீட்டில் அடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடி. 18 வயதுவரை அது உனக்கானது.