இரண்டு நாளில் மூன்று மென்பொருள் வேண்டாம்

வணக்கம். 30 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டே நாளில் ஒலிப்பதிவு, வீடியோ எடிட்டிங், அனிமேஷன் மூன்றும் சொல்லித்தர வேண்டும், போன முறை வந்தவர்கள் ஒரே மாதத்தில் மறந்துவிட்டார்கள், இந்த முறை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒலிப்பதிவைத் தவிர மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலே ஓடும், பழைய கணினியும் தாங்கும். ஒவ்வொருவரும் தன் பாடத்திலிருந்தே ஒன்றை எடுத்து, ஓம் விதியோ ஒரு செய்யுளோ, 3 நிமிட ஒலித்துண்டாக அவர்களே செய்யட்டும், நீங்கள் மவுஸைத் தொடவே தொடாதீர்கள்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ப்ராஜெக்ட் கோப்பைச் சேமித்தால் போதும் என்று நினைப்பார்கள், அது போனில் பாடாது, எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அப்புறம், போனில் பதிவு செய்த எம்4ஏ கோப்பு விண்டோஸில் ஆடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் தேவை, அதை முந்தின நாளே எல்லாக் கணினியிலும் போட்டுவிடுங்கள்.

முடிந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர்களைக் கூடவே அழையுங்கள். கேரளத்தில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளிக் கணினி மன்றங்களில் மாணவர்களுக்கே இதுபோன்ற பயிற்சி கிடைக்கிறது. ஆசிரியர் தடுமாறும்போது பக்கத்திலேயே கை கொடுக்க ஆள் இருந்தால் பயம் போய்விடும், சார்.