“மாட்டுக்குக் குத்துகிற இடத்தில் நீ ஏன் குத்தினாய்?”

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 25 வயது. சுங்கை சிப்புட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். ஈப்போவில் கணக்கு எழுதும் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் நடுமூக்கில் குத்திக்கொண்டு, குதிரைலாடம் போன்ற சின்ன வளையம் ஒன்றைப் போட்டேன். முனைகளை மேலே திருப்பினால் மூக்குக்குள் மறைந்துவிடும். காலையில் பஸ் ஏறியதும் இறக்குவேன். மாலையில் ஊர் வருவதற்குள் ஏற்றிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் விபூதி வாங்கும்போது தும்மினேன். ஒரு முனை வெளியே வந்துவிட்டது.

அம்மா அங்கே வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், “மாட்டுக்குத்தான் அங்கே குத்துவார்கள். இந்த ஊரில் நான் எப்படி நடமாடுவேன்?” என்றார். அன்றிலிருந்து சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

என் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் இதே நடுமூக்கில் புல்லாக்கை மாட்டிவிட்டவர் அவர்தான். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் அலகு குத்தி வருகிறவர்களை விழுந்து கும்பிடுகிறார். என் பாட்டிக்குப் பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காது. பால்மர (ரப்பர்) தோட்டத்தில் இருந்த காலத்தில், சம்பள நாளில் கடைத்தெருவுக்குப் போனால் சிறுமியான அம்மா பத்தடி முன்னால் நடப்பாராம். பிறகு மாமா கல்யாணத்துக்காகப் பாட்டியின் காதை அறுத்துத் தைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வீட்டில் என் மூக்கு மட்டும்தான் குற்றமா? கழற்றிவிடட்டுமா?

— வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் அதை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். அலகு அன்றைக்கே சந்நிதியில் இறங்கிவிடுகிறது. மேடைப் புல்லாக்கு பெரும்பாலும் குத்தாமல் இடுக்கி மாட்டுவது. ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். இரண்டுக்கும் நாலு பேர் கூட நிற்கிறார்கள். உங்கள் வளையத்தையோ, கோயிலில் இருந்தவர்கள் பார்த்த அதே நொடியில்தான் அம்மாவும் பார்த்தார். மகளைப் பற்றி ஊரோடு சேர்ந்து தெரிந்துகொள்வது எந்தத் தாய்க்கும் அடிதான். மன்னிப்புக் கேட்பதானால் அந்த நான்கு மாதத்துக்குக் கேளுங்கள். மூக்கு உங்களுடையது.

போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன்: பத்தடி முன்னால் நடந்த சிறுமி. தென்பாண்டிச் சீமையில் குழந்தையிலேயே குத்தி, கனம் ஏற்றி ஏற்றிக் காது வளர்ப்பார்கள். தொங்கும் காதுதான் அழகு. அதே காது ஒரு தலைமுறைக்குள் பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. கடைத்தெருவில் அந்தப் பார்வை எப்படி விழும் என்பதை உங்கள் அம்மா எட்டு, பத்து வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். “எப்படி நடமாடுவேன்” என்று உங்களிடம் கேட்டது அந்தச் சிறுமி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊர்ப் பார்வையைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. கூச்சப்பட வைக்கும் படம் போட்ட பனியனுடன் மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான். அந்த அறையில் உங்கள் பக்கத்து வீட்டு அத்தை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊரில் பார்க்கத்தான் செய்வார்கள், பேசத்தான் செய்வார்கள். உங்களால் அதைத் தாங்க முடியும். அம்மாவுக்குக் கொஞ்சம் காலம் வேண்டும்.

இப்போது கழற்ற வேண்டாம். புதுத்துளை சீக்கிரம் தூர்ந்துவிடும். கோபம் தணிந்த பிறகு வருந்துவீர்கள். ஆனால் தினமும் ஏற்றி இறக்குவதை நிறுத்துங்கள். நடுமூக்குத் துளை ஆறவே இரண்டு மூன்று மாதம் ஆகும்; கை படப்பட எரிச்சலும் தொற்றும் வரும். வீக்கமோ சீழோ இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டில் வளையம் வெளியிலேயே இருக்கட்டும். கோயிலில் மட்டும் மறைக்கும்படி அம்மா கேட்டால், அவருக்குத் தெரிந்தே மறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்றிரவு சோற்றை வைத்துவிட்டுப் போனால், தட்டை எடுத்துக்கொண்டு அவர் இருக்கும் இடத்துக்கே போய் உட்காருங்கள். பாட்டியின் காதைத் தைத்த கதையைக் கேளுங்கள். யார் முடிவு செய்தார்கள், பாட்டி சம்மதித்தாரா, அந்தப் பாம்படத்தை என்ன செய்தார்கள்.