இரும்பும் எண்ணெயும்: வாசகர் கேள்வி-பதில்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் தையல் மெஷின், கிரைண்டர், ஓடாத பழைய காப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) என்றுதான் போகும். செந்தூலில் கடை போடுவதற்கு முன் முப்பது வருஷம் சீருடை வேலையில், ஆயுதக் கிடங்கில் பிஸ்டல் பழுது பார்த்தவன் நான் என்று போன இதழில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதக் கடிதங்களில் பாதி துப்பாக்கி. சரி, ஒரு தடவை அதையே பேசிவிடுவோம். கிரைண்டர் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமத்தோடு கிளப்பில் சுடுகிறேன். பழைய 1911 ரக .45 பிஸ்டல் ஒன்று கைமாறி வந்தது. சுட்டால் காலிக் கூடு நாலைந்து மீட்டர் தள்ளிப் போய் விழுகிறது. ஸ்லைடு பின்னால் போய் இடிப்பது கையில் தெரிகிறது. இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 22 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் தேய்மானமே இருக்காது என்கிறார் நண்பர். போடலாமா? – செலாயாங் வாசகர்

போடாதீர்கள். நண்பரிடம் கோபமும் வேண்டாம், பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடு என்பது பேரலை, அதாவது குழாயை, மூடியபடி ஃபிரேம் என்கிற அடிச்சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பாகம். நீங்கள் கேட்கிற ஸ்பிரிங் பேரலுக்கு அடியில் இருந்து அதை முன்னால் தள்ளுவது. பவுண்டு என்பது அதை அழுத்தத் தேவையான விசை. உங்கள் .45 தோட்டாவின் குண்டு 230 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 15 கிராம். வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் முன்னால் ஓடுகிறது. குண்டு முன்னால் போனால் அதே உந்தத்தோடு ஸ்லைடும் பேரலும் பின்னால் வந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்தால் வேகம் வினாடிக்கு ஏழு மீட்டரைத் தாண்டும். மணிக்கு என்று சொன்னால் 27 கிலோமீட்டர், ஜாலான் ஈப்போ நெரிசலில் காப்சாய் போகிற வேகம். அந்த வேகத்தில் வருகிற அரைக் கிலோ இரும்பு நிற்பதற்கு இருக்கிற இடம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

முதல் சில மில்லிமீட்டர் ஸ்லைடும் பேரலும் பூட்டிக்கொண்டே வரும். அப்புறம் பேரலுக்கு அடியில் இருக்கிற சின்ன இணைப்பு அதைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கும். ஸ்லைடு மட்டும் தனியாகப் பின்னால் போய், கூட்டை வெளியே எறிந்து, ஹேமரை (சுடுவதற்கு அடிக்கிற சுத்தியை) மடக்கி, ஃபிரேமில் போய் முட்டும். புது ஸ்பிரிங் போட்டாலும் முட்டத்தான் செய்யும். 16 பவுண்டு ஸ்பிரிங் அந்த ஓட்டத்தில் உறிஞ்சுகிற சக்தி ஸ்லைடின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு அக்கம்பக்கம்தான். மிச்சத்தை ஹேமர், உராய்வு, ஃபிரேம், கடைசியில் உங்கள் கை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் பெரிய வேலை, ஸ்லைடைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது. பின்னால் இடியைக் குறைப்பது அதன் பக்க வேலை. ஆனால் அந்தப் பக்க வேலையும் நின்றுபோனால் ஃபிரேம் அடி வாங்க ஆரம்பிக்கும்.

இப்போது 22 பவுண்டு போடுகிறீர்கள் என்று வையுங்கள். பின்னால் அடி கொஞ்சம் குறையும், வாஸ்தவம். சுருங்கினது சும்மா இருக்குமா? அத்தனையையும் முன்னால் தள்ளும்போது திருப்பிக் கொடுக்கும். பேரலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற காதும், ஸ்லைடு ஸ்டாப் (தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடைத் திறந்து நிறுத்துகிற பாகம்) ஊசியும் அந்த அடியை வாங்கும். ஸ்லைடு வேகமாகத் திரும்புவதால் மேகசின் ஸ்பிரிங் தோட்டாவைத் தூக்கி முடிப்பதற்குள் அது கடந்து போய்விடும். லேசான தோட்டா போட்டால் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாமல் காலிக் கூடு வெளியேறுகிற வாயிலேயே செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். வாசல் கதவு சுவரில் இடிக்கிறது என்று கனமான ஸ்பிரிங் போட்டால் நிலையில் அறையுமே, அந்தக் கதைதான்.

ஐந்து அங்குலப் பேரல் உள்ள 1911க்கு, சாதாரணத் தோட்டாவுக்கு, 16 பவுண்டு போதும். உங்களுடையது செத்த ஸ்பிரிங் என்றுதான் எனக்குப் படுகிறது. சோதிப்பது சுலபம். பிஸ்டலைக் காலி செய்யுங்கள். மேகசினை எடுத்த பிறகும் தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, புது ஸ்பிரிங் ஒன்றை மேசையில் பக்கத்தில் நிறுத்துங்கள். பழையது இரண்டு மூன்று சுருள் அளவு குட்டையாக இருந்தால் வேறு யோசனை வேண்டாம், மாற்றுங்கள். இந்த ரகத்துக்கு 2,000லிருந்து 3,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது என் பழக்கம். கூடவே ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற ஊசி) ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டுவிடுங்கள், விலை அதிகமில்லை.

இன்னொரு விஷயம், இது அதிகம் பேர் பேசாதது. ஹேமரை மடக்குவது ஸ்லைடின் பின்பக்கம் இருக்கிற ஃபயரிங் பின் ஸ்டாப் என்கிற தகடு. ஆரம்ப காலத்து 1911இல் அதன் அடிமுனை கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது. ஸ்லைடை இழுக்க லேசாக இருக்கட்டும் என்று பிறகு வளைத்துவிட்டார்கள். சதுர முனைத் தகடு போட்டால் ஹேமர் மடங்குவதற்கு ஸ்லைடு அதிகம் உழைக்கும், ஆரம்பத்திலேயே வேகம் குறையும். முன்னால் வரும் அடி அதிகமாகாது. கனமான ஸ்பிரிங்கை விட எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்துத்தான் பொருத்த வேண்டும். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள்.

ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பயிற்சிக்கென்று ஒதுக்கிய பிஸ்டல் ஒன்று உங்களுடையது மாதிரியே கூட்டைத் தூர எறிந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங் கேட்டு மூன்று தடவை எழுதிப் போட்டேன். “சுடுதில்ல, அப்புறம் என்ன?” என்று பதில். அதுவரை எத்தனை தோட்டா சுட்டது என்று எழுதிவைத்த நோட்டும் இல்லை. ஒருநாள் துடைக்கும்போது ஸ்லைடு ஸ்டாப் துளைக்கு நேர் மேலே, ஸ்லைடு ஓடுகிற தண்டவாளத்தில், முடி மாதிரி ஒரு கோடு. கீறலா விரிசலா என்று தெரியவில்லை. என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் அச்சுகளைச் சோதிப்பதற்குச் செய்ததைச் செய்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசிக் காயவைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைப் பூச்சில் கறுப்பாக எண்ணெய்க் கோடு கசிந்து நிற்கிறது. கீறல் கசியாது, விரிசல்தான் கசியும். அந்த இடத்தில் விரிசல் விட்டாலும் 1911 சுடும். பிற்காலத்தில் சில தயாரிப்பாளர்கள் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டுத்தான் விற்றார்கள். ஆனாலும் அதை நான் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பவில்லை.

கேள்வி: ஸ்பிரிங் வழிகாட்டித் தண்டில் மாட்டுகிற ரப்பர் வளையம் ஃபிரேமைக் காப்பாற்றும் என்கிறார்கள். உண்மையா? – பட்டர்வொர்த் வாசகர்

ரயில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் பஃபர் பார்த்திருப்பீர்கள். யோசனை அதேதான். பாலியூரித்தேன் வளையம், இரும்பும் இரும்பும் மோதுகிற இடத்தில் நடுவில் உட்காரும். கிளப்பில் மட்டும் சுடுகிற பிஸ்டலுக்குப் பரவாயில்லை. ஆனால் வளையத்தின் தடிமன் அளவுக்கு ஸ்லைடின் ஓட்டம் குறையும். சில பிஸ்டலில் அந்தக் குறைவே போதும், மேகசின் தீர்ந்த பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. அப்புறம் வளையம் சில நூறு தோட்டாவில் பிய்ந்து துணுக்குத் துணுக்காக உள்ளே கிடக்கும். ஒருமுறை அப்படி ஒரு நீலத் துணுக்கை ஊசியால் நோண்டி எடுக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. இடுப்பில் வைத்துக் காவல் போகிறவர்கள் பிஸ்டலில் இது வேண்டவே வேண்டாம்.

பஃபர் வேண்டுமென்றால் அதை வடிவமைப்பிலேயே வைத்திருக்கிற துப்பாக்கி வாங்கலாம். 1993இல் வந்த ஜெர்மானிய ஹெக்லர் அண்ட் கோக் யுஎஸ்பி பிஸ்டலில் வழிகாட்டித் தண்டிலேயே இன்னொரு கெட்டி ஸ்பிரிங் இருக்கிறது. முக்கிய ஸ்பிரிங் சுருங்கி முடிகிற கடைசி நேரத்தில்தான் அது வேலைக்கு வரும். திரும்பி வரும் ஸ்லைடைத் தேவையில்லாமல் வேகப்படுத்தாது. அழகான வேலை. 2010இல் வந்த நாலாம் தலைமுறை கிளாக்கிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் உண்டு.

கேள்வி: என் கணவர் வியாபாரத்துக்காக உரிமத்தோடு 9 மி.மீ. பிஸ்டல் வைத்திருக்கிறார். ஐந்து வருஷமாகச் சுடவே இல்லை. தோல் உறையோடு, தோட்டா நிறைத்த மேகசினோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார். ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா? – ஈப்போ சாலை வாசகி

அம்மா, ஸ்பிரிங்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நல்ல எஃகுச் சுருள் அழுத்தியபடியே கிடப்பதால் பெரிதாகத் தளராது. சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்துதான் சாகும். என் கவலை மற்ற இரண்டும்.

முதலாவது தோல் உறை. தோலைப் பதப்படுத்திய ரசாயனம், நம் ஊர் ஈரக் காற்று, கைவியர்வையின் உப்பு மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிஸ்டல் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். உறை வெளியில் தொங்கட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரமானதும் மாற்றுங்கள்.

இரண்டாவது தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஏர்கான் அறையில் பெட்டி இருந்தால் ஸ்லைடு ஓடுகிற பள்ளத்தில் வெள்ளை மெழுகு மாதிரி நிற்கும். நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தூசியும் பிசினும் சேர்ந்தால் சொந்தமாக ஒரு உப்புத்தாள் செய்தது மாதிரி. துப்பாக்கி எண்ணெய் வாங்கி, தண்டவாளத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, பேரலின் வெளிப்பக்கம் லேசாக ஒரு துடைப்பு. போதும். எண்ணெய் இல்லாமல் ஓடுகிற ஸ்லைடுதான் தண்டவாளத்தைச் சீக்கிரம் தின்னும். ஆனால் குளிப்பாட்டவும் வேண்டாம்.

ஐந்து வருஷம் சுடாத பிஸ்டலை ஒருமுறை பட்டறையில் காட்டுவதும் நல்லது. கிளாக் மாதிரி ரகத்துக்கு அவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். காலி செய்த பிஸ்டலின் மூக்கை மேலே சாய்த்து, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்லைடை இழுத்து மெதுவாக விடுவார்கள். அது தானாகப் போய் முழுசாக மூடினால் ஸ்பிரிங்கில் உயிர் இருக்கிறது.

கேள்வி: தாத்தா, ரிவால்வருக்கு மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை இல்லை? – படிவம் 5 மாணவன், பாயா தெருபோங், பினாங்கு

நல்ல கேள்வி தம்பி. ரிவால்வரில் பின்னால் ஓடுகிற பாகம் எதுவும் இல்லை. உதை முழுவதும் ஒரே துண்டாக ஃபிரேம் வழியே கைக்கு வந்துவிடும். அதனால்தான் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் கையைக் கூர்மையாக உதைக்கும், ஆட்டோமேட்டிக் அதைக் கொஞ்சம் நீட்டித் தள்ளும். மொத்த உந்தத்தில் மாற்றம் இல்லை, உன் இயற்பியல் வாத்தியார் சொன்னது சரி. ரிவால்வரும் தேயும், வேறு இடத்தில். சுழலும் உருளை முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். உருளைத் துளையும் பேரலும் நேருக்கு நேர் நிற்காமல் போகும்.

உன் ஊரில் ஆயர் ஈத்தாம் பக்கம் ‘பாடாங் தெம்பாக்’ அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றனவே, அந்தப் பெயரே பழைய துப்பாக்கி சுடும் திடலிலிருந்து வந்ததுதான். இப்போது அங்கே கொடியில் துணி காய்கிறது.

கேள்வி: அதிக அழுத்தத் தோட்டா கிடைக்கிறது. பயிற்சிக்குப் போடலாமா? – காஜாங் வாசகர்

பெட்டியில் கூட்டல் குறியும் பி எழுத்தும் இருந்தால் அது அந்த ரகம். அமெரிக்க அளவுகோலில் சாதாரண 9 மி.மீ. உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, இது 38,500. எல்லா அடியும் அதற்கேற்பக் கூடும். காகிதத்தில் துளை போட அது எதற்கு? 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படையில் பெரெட்டா 92 பிஸ்டலின் ஸ்லைடு சில உடைந்து, பின்பாதி சுட்டவர் முகத்துக்கே வந்தது. ஹேமர் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, உடைந்தாலும் ஸ்லைடு பறக்காமல் தடுத்தார்கள். சாதாரணத் தோட்டாவையே வாங்குங்கள்.

கேள்வி: நண்பனின் பிஸ்டலுக்கு ஸ்பிரிங் நானே மாற்றிப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன், காசும் வாங்குகிறேன். எந்த ஸ்பிரிங் நல்லது? – பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பெயர் போடவில்லை, பிழைத்தீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி பழுது பார்ப்பதே குற்றம். இது தையல் மெஷின் இல்லை. நிறுத்துங்கள். பதில் இவ்வளவுதான்.

கேள்வி: கழற்றிய பழைய ஸ்பிரிங்கை என்ன செய்வது? – அம்பாங் வாசகர்

வெட்டுக்குறடால் இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாக விட்டால் யாராவது எடுத்துத் துடைத்து, “இன்னும் நல்லாத்தானே இருக்கு” என்று மறுபடி மாட்டிவிடுவார்கள். மாட்டியிருக்கிறார்கள், நான் கழற்றியதையே.