அப்பா மயங்கி விழுந்தா முதல்ல ஊதணுமா, அமுக்கணுமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 64 வயசு, ஸ்டென்ட் வெச்சிருக்கு. 2009ல ஆபீஸ்ல சிபிஆர் (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்கி, வாயில ஊதற முதலுதவி) ட்ரெய்னிங் குடுத்தப்போ முதல்ல வாயில ஊதச் சொன்னாங்க. இப்ப மாறிடுச்சாமே? அமுக்கினா எலும்பு உடைஞ்சிடுமோன்னும் பயமா இருக்கு.

பதில்: மாறிடுச்சும்மா, 2010லயே மாறிடுச்சு. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அப்பவே நெஞ்சை அமுக்கறதுதான் முதல்லன்னு வரிசையை மாத்திட்டாங்க. ஏன்னா இதயம் திடீர்னு நின்னவர் ரத்தத்துல கொஞ்ச நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும், அதை மூளைக்குத் தள்ளி விடத்தான் பம்ப் இல்ல, அந்த பம்ப் உங்க கைதான். ஊதப் பழக்கமில்லன்னா விடுங்க, நிறுத்தாம அமுக்கினாலே போதும் (தண்ணில மூழ்கினவங்க, குழந்தைங்கன்னா மட்டும் மூச்சும் குடுக்கணும்).

2025 அக்டோபர்ல புது கைட்லைன் வந்துச்சு, அதுலயும் இது அப்படியேதான் இருக்கு. பெரிய மாற்றம் தொண்டைல சாப்பாடு அடைச்சா செய்யறதுலதான், முன்னாடி பெரியவங்களுக்கு நேரா வயித்தை அமுக்கச் சொன்னாங்க, இப்ப முதுகுல 5 தட்டு, அப்புறம் மேல்வயித்துல 5 அமுக்கு, மாத்தி மாத்தி.

நான் பார்த்த வரைக்கும் நம்ம ஆளுங்க கோட்டை விடறது வேற இடத்துல. விழுந்தவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து விட்டு விட்டு இழுப்பார், உடனே "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு"ன்னு மூஞ்சில தண்ணி தெளிச்சு, சோடா வாங்கிட்டு வந்து, கைல இரும்புச் சாவியைத் திணிச்சு, ஆட்டோவுக்கு ஓடி, எல்லாம் முடிஞ்சு எங்ககிட்ட வர்றப்போ யாருமே நெஞ்சுல கை வெச்சிருக்க மாட்டாங்க. அந்த இழுப்பு மூச்சே இல்லம்மா. தட்டிக் கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லன்னா நாடி எல்லாம் தேடாதீங்க, 108க்கு போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டு ஆரம்பிச்சிடுங்க. கட்டில்ல வேணாம், மெத்தை உள்ள போயிடும், தரைல படுக்க வைங்க. நெஞ்சு நடுவுல, ரெண்டு கையும் ஒண்ணு மேல ஒண்ணு, முழங்கை மடக்காம, 5 சென்டிமீட்டராவது இறங்கணும், 6ஐத் தாண்ட வேணாம், நிமிஷத்துக்கு 100லேருந்து 120. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. ரெண்டு நிமிஷத்துல கை ஓய்ஞ்சிடும், அம்மாவையும் பழகச் சொல்லுங்க.

நெஞ்சு வலிக்குதுன்னு அப்பா பேசிட்டு இருந்தா அமுக்கவே கூடாது, 108தான். இருமிக்கிட்டே இருந்தா இதயம் ஓடும்னு வாட்ஸப்ல சுத்துதே, அதை டெலீட் பண்ணிடுங்க.

எலும்பு உடையுமான்னா, உடையலாம். எங்க கைல கூட உடையுது. அது ஒட்டிக்கும்மா, நீங்க நிறுத்தாதீங்க.