‘ஐ ஆம் ஹேவிங்’ எங்கே சரி, எங்கே தப்பு?

கேள்வி: இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ‘ஐ ஹேவ்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறாள் என் தோழி. நம் ஊரில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம், இது இந்திய ஆங்கிலம் என்கிறார் அண்ணன். புரிந்தால் போதாதா? ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி என்றால் இது மட்டும் ஏன் தப்பு? அப்புறம், நேற்று மதுரைக்குப் போனதை ‘ஐ ஹேட் கான்’ என்பதா, ‘ஐ வென்ட்’ என்பதா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றி. வேலை கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சிரிப்பது மரியாதை கெட்ட செயல். நீங்கள் சொன்னது அவருக்கு முழுசாகப் புரிந்துமிருக்கிறது. அதற்காக, ‘எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், விடுங்கள்’ என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். உங்கள் தோழி சொன்னதுதான் சரி.

புரிந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். பஸ்ஸில், கடையில், பக்கத்து வீட்டில் போதும். ஆனால் நீங்கள் போனது இன்டர்வியூவுக்கு. நாளைக்கு வேலை கிடைத்தால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் எழுதுவீர்கள், மேலே படிக்கப் போனால் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுவீர்கள். அந்தத் தேர்வில் பேச்சுக்கான மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு இலக்கணத்துக்கே போகிறது. அங்கெல்லாம் ‘புரிந்துதே’ என்று வாதாட முடியாது.

உங்கள் அண்ணனின் வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். இந்திய ஆங்கிலம் என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘ப்ரீபோன்’ நாம் பரப்பிய சொல்தான், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. தேதியை முன்னால் நகர்த்துவதைச் சுருக்கமாகச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அதனால் அது நிலைத்தது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ எந்தத் தேவையையும் தீர்ப்பதில்லை, ‘ஹேவ்’, ‘ஹேவிங்’ இரண்டுக்கும் நடுவே ஆங்கிலம் வைத்திருக்கும் ஒரு வித்தியாசத்தை அழிக்கத்தான் செய்கிறது. அந்த வித்தியாசம் சும்மா இலக்கணப் புத்தகத்துக்காக இருப்பதல்ல, அர்த்தமே மாறும்.

ஒரு உதாரணம். ஆபீஸில் ஒருவர் வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. அதைச் சொல்ல நினைத்து, போனில் லண்டன்காரரிடம், ‘மை வைஃப் இஸ் ஹேவிங் எ பேபி’ என்கிறார். கேட்டவர் காதில் விழுவது, ‘என் மனைவி மாசமாக இருக்கிறாள்’ என்று, அல்லது இந்த நிமிஷமே பிரசவம் நடக்கிறது என்று. அவர் உடனே வாழ்த்துச் சொல்வார், எப்போது டெலிவரி என்று கேட்பார், நம்மவர் முழிப்பார். குழந்தை ஏற்கெனவே இருக்கிறது என்றால் ‘வீ ஹேவ் எ பேபி’. பிறக்கப் போகிறது, பிறந்துகொண்டிருக்கிறது என்றால்தான் ‘ஹேவிங்’. இதே மாதிரிதான், 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன்னால் நின்று மார்ட்டின் லூதர் கிங் ‘ஐ ஹேவ் எ ட்ரீம்’ என்றார். மனசுக்குள் வெகுகாலமாக ஒரு கனவு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ‘ஐ ஆம் ஹேவிங் எ ட்ரீம்’ என்றிருந்தால், தூக்கத்தில் இப்போது கனவு கண்டுகொண்டிருக்கிறேன் என்றாகியிருக்கும்.

நமக்கு ஏன் இது திரும்பத் திரும்பத் தப்புகிறது என்று யோசித்தால் காரணம் தமிழிலேயே கிடைக்கும். ‘ஹேவ்’வுக்கு நேரான வினைச்சொல் தமிழில் கிடையாது. ‘எனக்கு இரண்டு அண்ணன்கள்’ என்கிறோம், ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்கிறோம், ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். உறவுக்கும் நோய்க்கும் ‘எனக்கு’, கையில் இருக்கிற பொருளுக்கு ‘என்னிடம்’. இது குறையொன்றும் இல்லை, இந்தியிலும் ரஷ்ய மொழியிலும்கூட ‘என்னிடம் இருக்கிறது’ என்ற வழிதான். ஆங்கிலமோ உறவு, பொருள், நோய், சந்தேகம் எல்லாவற்றையும் ஒரே ‘ஹேவ்’வில் போட்டு, உடையவரை எழுவாயாக நிறுத்திவிடுகிறது.

இதில் மாட்டிவிடுவது ‘வைத்திருக்கிறேன்’ என்ற சொல். ‘கார் வைத்திருக்கிறேன்’, ‘கடை வைத்திருக்கிறேன்’. பள்ளிக்கூடத்தில் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் ஈட்டிங்’ என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள் அல்லவா, அதிலிருந்து ‘இருக்கிறேன்’ என்று முடிந்தாலே ‘ஆம்’ போட்டு ‘இங்’ சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ‘வைத்திருக்கிறேன்’ உடனே ‘ஐ ஆம் ஹேவிங்’ ஆகிறது. ஆனால் அதில் ‘கொண்டு’ இல்லை, கவனித்துப் பாருங்கள். ‘வந்திருக்கிறேன்’ என்பதும் இதே அமைப்புதான், அதை யாராவது ‘ஐ ஆம் கமிங்’ என்று மொழிபெயர்ப்போமா? ‘வந்திருக்கிறேன்’ என்றால் வந்து முடித்து இங்கே இருக்கிறேன், ‘வைத்திருக்கிறேன்’ என்றால் வைத்தாகிவிட்டது, அது அப்படியே இருக்கிறது. தமிழே அதை நடந்துகொண்டிருக்கும் செயலாகச் சொல்லவில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஒரு வகுப்பு சேர்ந்து உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், பிள்ளைகள் எத்தனையோ வருஷம் தடுமாற வேண்டாம் என்று எனக்கு நிஜமாகவே ஆதங்கம்.

சரி, ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ ஏன் தப்பில்லை? அங்கே ‘ஹேவ்’வுக்கு ‘சாப்பிடு’ என்று அர்த்தம். ‘ஹேவ் எ பாத்’ என்றால் குளி, ‘ஹேவ் எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடத்து. இவை எல்லாம் நாம் செய்கிற காரியங்கள், ஆரம்பித்து முடிகிறவை. எனவே வாயைத் திறப்பதற்கு முன்னால் ‘ஹேவ்’வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செயலை வைத்துப் பாருங்கள். சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், நடத்துகிறேன் என்று பொருந்தினால் ‘ஹேவிங்’ தாராளமாக வரலாம். அண்ணன்களை நீங்கள் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை, அவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். காய்ச்சலும் நீங்கள் செய்வதல்ல, அது உங்களுக்கு வந்திருக்கிறது, ஆகவே ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்று வகுப்பில் கை தூக்குவதும் இதே கணக்குதான். அங்கே ‘டவுட்’டையும் மாற்றி ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் ‘டவுட்’ என்றதும் வெளிநாட்டு ஆசிரியர் தன் பேச்சையே நீங்கள் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கச்சிதமாக வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை லேப்டாப்’ சரியான ஆங்கிலம். அங்கே லேப்டாப்போடு இப்போது பட்டுக்கொண்டிருக்கிற பாடு தெரிகிறது. ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங் டுமாரோ’ என்பதும் சரி, ஏற்பாடாகிவிட்ட விஷயம் என்பதால். விதியைத் தெரிந்துகொண்டவுடன் பயந்துபோய் ‘ஹேவிங்’கையே தொடாமல், சாப்பிட்டுக்கொண்டே போனில் ‘ஐ ஹேவ் லஞ்ச் நவ்’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்புதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே’, வேறு பேச்சே இல்லை. ‘ஹேட் கான்’ எங்கிருந்து வருகிறது தெரியுமா? இதுவும் அதே ‘இரு’வின் வேலை. ‘நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம், ‘போயிருந்தேன்’ அப்படியே ‘ஹேட் கான்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ தனியாக வந்து நின்றால், அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று எங்கே என்று கேட்பவர் காத்திருப்பார். இரண்டு பழைய சம்பவங்கள் இருந்து, எது முந்தி என்று காட்ட வேண்டியபோதுதான் அதற்கு வேலை. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்’ என்றால் நான் போவதற்குள் ரயில் போய்விட்டது. ‘த ட்ரெய்ன் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது. முன்னதில் ரயிலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ் சீன்’ வராது, ‘ஐ சா ஹிம்’தான். நேரம் சொல்லாமல், நடந்ததன் விளைவு இன்னும் இருக்கிறது என்றால் ‘ஹேவ்’ வரும். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 என்ற அமெரிக்க விண்கலத்தில், நிலவுக்குப் போகும் வழியில் ஆக்ஸிஜன் டேங்க் வெடித்தபோது அதிலிருந்தவர்கள் ஹூஸ்டன் நகரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னது, ‘ஹூஸ்டன், வீவ் ஹேட் எ ப்ராப்ளம்’ (‘வீ ஹேவ் ஹேட்’ என்பதன் சுருக்கம்). 1995-ல் வந்த சினிமாதான் அதை ‘வீ ஹேவ் எ ப்ராப்ளம்’ என்று மாற்றி உலகம் முழுக்கப் பரப்பியது. அசல் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘பிரச்னை ஒன்று ஏற்பட்டிருக்கிறது.’ ஏதோ நடந்துவிட்டது, அதன் பாதிப்பு இன்னும் தொடர்கிறது. இந்த இடத்தில் மட்டும் நம் ‘இருக்கிறது’ ஆங்கில ‘ஹேவ்’வோடு அப்படியே பொருந்துகிறது, இங்கே தாராளமாகத் தமிழில் யோசித்தே பேசலாம்.