உடை 1856-ஆக இருக்கட்டும், காலணி இன்றையதாக இருக்கட்டும்

கேள்வி: சென்னையிலிருந்து வந்து யூட்டாவில் வாழ்கிறோம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. வரும் ஜூலையில் எங்கள் ஸ்டேக்கின் (அதாவது அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) பிள்ளைகள் வயோமிங்கில் மூன்று நாள் கைவண்டி இழுத்து நடக்கும் ட்ரெக் போகிறார்கள். என்னையும் என் கணவரையும் 'மா, பா'வாக, அதாவது ஒரு குழுப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா போல, வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பொறுப்பில் ஒன்பது பிள்ளைகள், அதில் எங்கள் மகளும் ஒருத்தி. நாங்களோ கூடாரத்தில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை. பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

பதில்: கூடார அனுபவம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கூடாரம் அடிக்கத் தெரிந்தவர்கள் ஸ்டேக்கில் நிறையப் பேர் இருப்பார்கள். ஒன்பது பிள்ளைகளில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, யார் புது இடத்தில் தூங்காமல் அழும் என்று தெரிந்து வைத்திருக்கும் ஆள்தான் அங்கே குறைவு. அது உங்கள் வேலை. அதனால் முதல் காரியமாக, ட்ரெக்குக்கு ஒரு மாதம் முன்பே ஒன்பது பேரையும் ஒரு நாள் மாலை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். மருத்துவப் படிவத்தில் வராத பாதி விஷயம் அந்தச் சாப்பாட்டு மேசையில் வந்துவிடும்.

இந்த வழக்கம் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1846-இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரை விட்டுக் கிளம்பிய, மார்மன்கள் என்று அழைக்கப்பட்ட இந்தச் சபை மக்கள், பிரிகாம் யங் தலைமையில் 1847 ஜூலை 24 அன்று சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அந்தத் தேதி இன்றும் யூட்டாவில் அரசு விடுமுறை. மாட்டு வண்டி வாங்க வசதியில்லாத புதிய குடியேறிகள் 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களாகக் கைவண்டி இழுத்தே வந்தார்கள். ஏறக்குறைய 3,000 பேர். அவர்களை நினைத்துத்தான் இன்றைய பிள்ளைகள் நீளப் பாவாடையும் சஸ்பெண்டரும் போட்டு வண்டி இழுக்கிறார்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். பெற்றோர் எல்லோரும் தெம்பைப் பற்றியே கேட்கிறார்கள். பதினைந்து வயதில் தெம்புக்குக் குறைவில்லை. பாதம்தான் முதலில் கைவிடும். புதிய காலணியோடு வருகிற பிள்ளை முதல் நாள் மதியமே கொப்புளத்தோடு வண்டியோரம் உட்கார்ந்துவிடும். எந்தக் காலணியில் நடக்கப் போகிறார்களோ அதே காலணியில், அதே காலுறையோடு, ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நடக்கத் தொடங்கட்டும். வாரத்தில் மூன்று நாள் இரண்டு மைல், சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் கூட்டி ஐந்து, ஆறு மைல். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை நூல் நல்லது. கால் நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். 1850-களின் பாணியில் பூட்ஸ் வாங்கித் தர யாராவது ஆசைப்பட்டால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். உடையில் வரலாறு இருந்தால் போதும், பாதத்தில் வேண்டாம்.

நடக்கும்போது எங்காவது சூடாக உரசுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது. அப்போது ஒட்டும் ஒரு துண்டு மோல்ஸ்கின் (தோல் உரசாமல் காக்கும் தடித்த ஒட்டுத்துணி) அடுத்த இரண்டு நாளைக் காப்பாற்றும். பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்களே கேளுங்கள்.

பெண் பிள்ளைகளின் பாவாடை கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கட்டும். தரையில் புரளும் விளிம்பு சக்கரத்தில் மாட்டும், முள்செடியிலும் மாட்டும். உள்ளே லெகிங்ஸ் போட்டால் தொடை உரசிப் புண்ணாகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் பாவாடை பெட்டியில் கிடந்தால் அதுவே போதும், புதிதாகத் தைக்க வேண்டாம். மாதவிலக்கு பற்றிப் பிள்ளைகளிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். வெட்டவெளியில் தற்காலிகக் கழிப்பறைதான் இருக்கும், தேவையானது எல்லாம் உங்கள் பையிலும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

ட்ரெக் போகும் பழைய கைவண்டிப் பாதையில் மார்ட்டின்ஸ் கோவ் என்ற இடத்தின் பக்கம் போவதானால் ஏறக்குறைய 6,000 அடி உயரம். அதே பாதையிலுள்ள ராக்கி ரிட்ஜ் மேடு 7,000 அடிக்கும் மேலே. பகலில் வெயில் பிளக்கும், காற்று ஓயாது, வியர்ப்பதே தெரியாமல் உடம்பு வற்றிவிடும். இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. வேலை செய்யும்போது கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீர் என்பது நல்ல கணக்கு. ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது. ஆர்வக் கோளாறில் வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் வெயில் தாக்கியது போலவே இருக்கும், இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்தாகிவிடும். ஆகவே தண்ணீரோடு உப்புள்ள ஏதாவது போக வேண்டும்: பிஸ்கட், வறுகடலை, எலக்ட்ரோலைட் பொடி. நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துப் போனாலும் சரிதான், ஒன்பதில் இரண்டு பேராவது கேட்டு வாங்குவார்கள்.

ஒரு பிள்ளை தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தொட்டால் நெருப்பாகச் சுட்டாலோ, காத்திருக்கக் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். அலைபேசி எடுக்காத இடங்கள் உண்டு என்பதால் வாக்கி டாக்கி யாரிடம் இருக்கிறது, வண்டி எந்தப் பாதையில் வரும் என்பதைக் கிளம்பும்போதே கேட்டு வையுங்கள். கவனச் சிதறலுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மாத்திரைகளில் சில வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அதற்காக மூன்று நாளும் மாத்திரையை நிறுத்தும் பெற்றோர் இருக்கிறார்கள், அதுவும் தவறு. மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

வண்டியில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயங்கரம். குறுக்குக் கம்பிக்குள் நிற்கும் இருவரை வண்டி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடும். இறங்கும்போது கயிற்றைப் பின்பக்கம் கட்டி நான்கு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும், முன்னால் யாரும் நடக்கக் கூடாது. வண்டி மேல் யாரும் ஏறவும் கூடாது, கால் சுளுக்கியவரைத் தவிர.

இனி மனசு. ட்ரெக் நடத்துகிறவர்களில் சிலருக்குப் பிள்ளைகள் கஷ்டப்பட்டால்தான் பாடம் ஏறும் என்று ஒரு நினைப்பு. முதல் இரவு கஞ்சி மட்டும், நடுவில் யாரோ இறந்ததாக நாடகம், அப்படி. எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படி ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கும், அண்மையில் வீட்டில் சாவைப் பார்த்த பிள்ளைக்கும் அது விளையாட்டல்ல. ஆண்களை விலக்கிப் பெண் பிள்ளைகள் மட்டும் மேட்டில் வண்டி இழுக்கும் கட்டம் பல ட்ரெக்குகளில் உண்டு. ஆண்கள் மார்மன் பட்டாலியனில், அதாவது மெக்சிகோ போருக்காக அமெரிக்க ராணுவத்தில் திரட்டப்பட்ட மார்மன் படையில், சேர்ந்து போய்விட்டார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். பட்டாலியன் 1846, கைவண்டி 1856, இரண்டுக்கும் பத்து வருட இடைவெளி. ஆனால் கணவனை இழந்த பெண்கள் வழியில் வண்டி இழுத்தது உண்மை, அதைச் சொன்னால் போதும். களைத்த பெண் "நான் வரலை" என்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகள் "இவங்க நம்ம முன்னோர் இல்லையே" என்று கேட்கக்கூடும். 1856-இன் கடைசி இரண்டு கைவண்டிக் குழுக்களான வில்லி, மார்ட்டின் குழுக்களைப் பற்றிச் சொல்லுங்கள். பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தும் ஸ்காண்டினேவியாவிலிருந்தும் புதிதாகச் சபைக்கு வந்தவர்கள், கடல் தாண்டியவர்கள், பலர் சபையின் குடியேற்ற நிதியில் கடன் வாங்கி வந்தவர்கள். அவர்களுக்கும் அந்த மலை அந்நிய மண்தான். அவர்கள் தாமதமாகக் கிளம்பினார்கள். நெப்ராஸ்காவின் ஃப்ளோரன்ஸில், வில்லி குழுவில் இருந்த லீவை சாவேஜ் என்பவர் இந்தப் பருவத்தில் போகக் கூடாது என்று எச்சரித்தார், யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அவர் கூடவே போனார். அக்டோபரில் பனி பிடித்தது. இரண்டு குழுக்களிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் 5 அன்று பிரிகாம் யங் சால்ட் லேக்கில் சபை மாநாட்டில் உதவி கேட்டார், இரண்டே நாளில் மாவும் போர்வையும் ஏற்றிய வண்டிகள் கிளம்பின. பதினாறு வயதுப் பிள்ளைகளோடு பேச இதில் நிறைய இருக்கிறது: பெரியவர்கள் எடுத்த முடிவு தவறாகலாமா, தவறு என்று தெரிந்தும் சாவேஜ் ஏன் போனார், மீட்கப் போனவர்களை எது கிளப்பியது. கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். இரவு நெருப்பைச் சுற்றி ஒவ்வொருவரும் தங்கள் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

திரும்பும் அன்று பிள்ளைகள் பேருந்திலேயே தூங்கிவிடுவார்கள், நீங்களும் தூங்குங்கள். களைப்போடு இரவில் கார் ஓட்ட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மற்ற எட்டு வீட்டுக்கும் அன்றிரவே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், வயோமிங்கில் புல்வெளியில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.