ஏரிக்கரை வருமானம்: எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது?

கேள்வி: சேலம் மூக்கனேரிக் கரையில் நடைபாதை, படகுத்துறை, கடைகள் வந்தால் ஊருக்கு என்ன வருமானம் என்று ஓர் ஆலோசகரிடம் அறிக்கை கேட்கப்போகிறது எங்கள் குடியிருப்போர் சங்கம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: முதலில் ஆள் கணக்கு. ஒரு ஞாயிறு மாலை எண்ணிவிட்டு 365-ஆல் பெருக்குவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. வார நாளில் 200 பேர், சனி, ஞாயிறில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 260 நாளுக்கு 52,000, 104 நாளுக்கு 1,04,000; மொத்தம் 1.56 லட்சம். ஞாயிறை வைத்துப் பெருக்கினால் 3.65 லட்சமாக ஊதிவிடும். கோடை விடுமுறையையும் மழைக்காலத்தையும் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்து, வருவது புதுப்பணமா? அஸ்தம்பட்டிக் குடும்பம் ஏரிக்கரையில் தட்டுவடை செட் சாப்பிட்டால், வழக்கமான கடைக்கு அந்தக் காசு போகாது. ஊரின் வருமானம் கூடவில்லை, கைமாறியிருக்கிறது. ஏற்காடு வந்த பெங்களூருக்காரர் ஏரிக்காகவே ஓர் இரவு கூடுதலாகத் தங்கினால், அந்த இரவுச் செலவு மட்டும் புதுசு. ஆகவே "எந்த ஊர்?" என்று கேட்டால் போதாது. "ஏரி இல்லாவிட்டால் இன்று எங்கே போயிருப்பீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி இல்லாத ஆய்வுப் படிவத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மனை விலை உயர்வையும் அக்கம்பக்கத்தார் நடைபயிற்சியில் பெறும் பயனையும் கூட்டினால் இரட்டைக் கணக்கு. அந்த வசதிக்காகத்தானே விலையே ஏறுகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கோ அது செலவு.

செலவுப் பக்கத்தில் கட்டுமானம் மட்டும் இருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். சேர்வராயன் மலையில் பெய்யும் மழைதான் ஏரிக்கு வரத்து. ஓடை அடைபட்டு, சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரை படரும், நாற்றம் கிளம்பும். படகும் ஓடாது, கடைக்கும் ஆள் வராது. ஓடைகளைத் தூர்வாருவதும் கழிவுநீரைத் திருப்பிவிடுவதும் ஆண்டுதோறும் வரும் செலவுகள். அவையெல்லாம் போக ஆண்டுக்கு 1 கோடி மிஞ்சினாலும், 10 சதவீதக் கழிவு வீதத்தில் (பின்னால் வரும் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துப் பார்க்கும் வீதம்) 20 ஆண்டுகளுக்கு அதன் இன்றைய மதிப்பு சுமார் 8.5 கோடிதான், 20 கோடி அல்ல.

கேள்வி: பெரியார் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்தால் ஊருக்கு வரும் வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது?
– மாணவர், கருப்பூர்

பதில்: சம்பளம், கொள்முதல், வெளியூர் மாணவர் செலவு என்று மூன்று வரவு. சம்பளத்தில் வரியையும், நாமக்கல்லிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் அங்கே செலவழிப்பதையும் கழியுங்கள். விடுதி மெஸ் கட்டணத்தை மாணவர் செலவிலும், மெஸ்ஸுக்கு வாங்கும் அரிசி, காய்கறியைக் கொள்முதலிலும் எழுதினால் ஒரே பணம் இரண்டு முறை வந்துவிடும். கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 40 காசு உள்ளூரிலேயே மறுபடி செலவானால் பெருக்கி (வெளியிலிருந்து வரும் ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி ஊருக்கு மொத்தம் எத்தனை ரூபாய் வருமானமாகிறது என்ற எண்) 1.67. அதற்கு மேல் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

மாநில அரசின் மானியம் சேலத்துக்குப் புதுப்பணம், தமிழ்நாட்டுக்கு அல்ல. எந்த எல்லைக்குள் கணக்கு என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.